யானைகள் காவல் நின்ற இரவு: மூதூரில் பிடிபட்டவரின் தவக்குல்

மூதூரில் ஒரு புளியமரத்தின் பெயரால் அறியப்பட்ட இடம் இருக்கிறது. வெள்ளைக்காரனின் மரம் என்று ஆங்கிலேயர் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1893ஆம் ஆண்டு அந்த இடத்தில் ஒரு கல்லையும் நட்டார்கள். ஆன் என்ற கப்பலின் தலைவர் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் இந்த மரத்தின் கீழ் சிறைபிடிக்கப்பட்டார், அவரது மகன் இளைய ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னரிடம் 19 வருடங்கள் கைதியாக இருந்தார் என்பதே அந்தக் கல் சொல்லும் செய்தி. மூதூரில் பிறந்த எங்களில் பலருக்கு அதற்கு மேல் தெரியாது. பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் நொக்ஸ் என்பது பரீட்சைக்கு மனனம் செய்யும் ஒரு பெயர், அவ்வளவுதான்.

ஒரு கிறிஸ்தவ மாலுமியைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் மண்ணில் நடந்த கதை என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் தவக்குல். இன்று நாம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் விதம் எனக்கு நீண்ட நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பயப்படாதவனுக்குத்தான் தவக்குல் இருக்கிறது என்கிறோம். எதையும் ஏற்பாடு செய்யாமல் இருப்பதற்கும் அதே சொல்லைச் சொல்லிக்கொள்கிறோம். நொக்ஸின் வாழ்க்கையை வாசித்தபோது, குறிப்பாக அவர் காட்டுப் பாதையில் நடந்த அந்த ஆறு நாட்களை வாசித்தபோது, இந்த இரண்டும் பிழை என்று தோன்றியது.

முதலில் அவர் எப்படி எங்கள் ஊருக்கு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

இளைய நொக்ஸ் 1641இல் லண்டனில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பனிக்காகக் கப்பல் ஓட்டியவர். தாய் மிகுந்த பக்தி உள்ளவர், மகன் இளைஞனாக இருக்கும்போதே காலமாகிவிட்டார். தந்தையின் கப்பலில் மகனும் ஏறினார். 1659 நவம்பர் 19ஆம் திகதி மசூலிப்பட்டணத்துக்கு அருகே வீசிய புயலில் ஆன் கப்பலின் பெரிய பாய்மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. புதிய பாய்மரம் நாட்டுவதற்காகச் சென்னைக் கோட்டையின் அதிகாரிகள் கப்பலைக் கொட்டியாறுக் குடாவுக்கு அனுப்பினார்கள். கப்பலில் துணிகளும் அவற்றுக்குச் சொந்தக்காரர்களான பரங்கிப்பேட்டை வணிகர்களும் இருந்தார்கள். பரங்கிப்பேட்டை என்றால் எங்கள் மூத்தவர்களுக்கு அந்நியமான பெயரல்ல. அந்த ஊருக்கும் நம் கிழக்குக் கரைக்கும் இடையே ஓடிய பாய்க்கப்பல்களின் கதைகள் நம் பல குடும்பங்களில் இன்னும் உண்டு. வணிகர்கள் இங்கே சரக்கை இறக்கினார்கள். மாலுமிகள் மரம் தேடினார்கள்.

ஆரம்பத்தில் ஆங்கிலேயர் கரையில் இருந்தவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஏறத்தாழ இருபது நாட்கள் ஒரு தொல்லையும் இல்லாமல் கழிந்ததும் சந்தேகம் போய்விட்டது. அப்போதுதான் கண்டி மன்னர் இரண்டாம் இராஜசிங்கன் அனுப்பிய திசாவை தன் படையுடன் வந்து சேர்ந்தார். போர்த்துக்கேயரோடும் ஒல்லாந்தரோடும் பட்டுத் தெளிந்த மன்னர் அவர். தன் கடற்கரையில் அனுமதி இல்லாமல் வந்து நிற்கும் ஐரோப்பியக் கப்பலை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. கப்பல் தலைவரைக் கரைக்கு அழைத்தார்கள். அவர் வந்து நீரோரத்துப் புளியமரத்தின் கீழ் இளைப்பாறியபோது பிடித்துக்கொண்டார்கள். அது 1660 ஏப்ரல் மாதம். வேறு வேறு இடங்களில் பிடிபட்டவர்களோடு சேர்த்துக் கைதிகள் 16 பேர் ஆனார்கள்.

இதற்குப் பிறகு நடந்த ஒரு விஷயத்தில்தான் இந்த இளைஞரை நான் முதன்முதலாக நின்று கவனித்தேன். கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் செய்ய வேண்டும் என்பது திசாவையின் எண்ணம். அந்தக் கட்டளையோடு மகனைக் கப்பலுக்கு அனுப்பச் சொன்னார். தந்தை மகனிடம் இரகசியமாகச் சொன்னது வேறு: கப்பல் ஆற்றுக்குள் வரக்கூடாது, பீரங்கிகளை ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூடவே, தன்னை இந்த நிலையில் விட்டுவிட்டுப் போய்விடாமல் திரும்பி வரும்படி, மறுமையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லி வாக்கு வாங்கினார். மகன் கப்பலுக்குப் போனார். செய்தியைச் சொன்னார். கப்பலில் இருந்தவர்கள் தலைவரின் கட்டளைக்குக் கீழ்ப்படிய மாட்டோம் என்று ஒரு பதில் கொடுத்தார்கள். பழி தந்தை மீது விழாமல் இருக்க அது உதவும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு பத்தொன்பது வயது இளைஞர் சுதந்திரத்திலிருந்து சிறைக்குத் தானாகவே படகேறித் திரும்பினார். வாக்கைக் காப்பாற்றுவது, பெற்றோரைக் கைவிடாமல் இருப்பது ஆகியவை பற்றி நாம் எத்தனை பயான்கள் கேட்டிருக்கிறோம். கொட்டியாற்றின் அலைகளில் அது ஒருமுறை நடந்திருக்கிறது. பின்னர் கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

கைதிகளைத் தனித்தனியாகப் பிரித்து உள்நாட்டுக் கிராமங்களில் வைத்தார்கள். விலங்கு பூட்டவில்லை. ஊர் மக்கள் உணவு கொடுக்க வேண்டும் என்பது மன்னரின் கட்டளை. தந்தையும் மகனும் இன்றைய குருநாகல் பக்கத்தில் பண்டார கொஸ்வத்த என்ற கிராமத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். இருவருக்கும் குளிர்காய்ச்சல் வந்தது. தந்தை மாதக்கணக்காக நலிந்து 1661 பெப்ரவரியில் இறந்தார். அடக்கம் செய்ய உதவி கேட்டபோது ஊரவர்கள் மாடு கட்டும் ஒரு கயிற்றைக் கொடுத்து, கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லச் சொன்னார்களாம். மகன் அதற்கு உடன்படவில்லை. தானே காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தவர், கூட இருந்த கறுப்பினச் சிறுவனின் உதவியோடு குழி தோண்டித் தந்தையை அடக்கம் செய்தார். அந்தச் சிறுவனின் பெயரைக் காலம் நமக்கு விட்டுவைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. தந்தை நொக்ஸும் இறைவனை நம்பியவர்தான். மகனுக்கு நம்பிக்கையைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஒரே கப்பல், ஒரே வீடு, ஒரே காய்ச்சல், ஒரே பிரார்த்தனை. ஒருவர் மண்ணுக்குள், மற்றவர் 79 வயது வரை உயிரோடு. தவக்குல் வைத்தால் ஆபத்து விலகும் என்று ஒரு கொடுக்கல் வாங்கல் போலப் பேசுகிறவர்கள் பண்டார கொஸ்வத்தவின் அந்தக் குழிக்கு முன்னால் என்ன சொல்வார்கள்?

தந்தை போன பிறகு மகனிடம் வாசிக்கவும் எதுவும் இல்லை. இருந்த ஓரிரண்டு நூல்களைத் திரும்பத் திரும்ப வாசித்து ஏறக்குறைய மனனமே செய்துவிட்டார். ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது அவ்வழியே வந்த ஒரு வயோதிபர், இந்த வெள்ளைக்காரருக்கு வாசிக்கத் தெரியுமா என்று அந்தச் சிறுவனிடம் விசாரித்தார். கொழும்பு போர்த்துக்கேயரின் கையை விட்டுப் போன காலத்தில் கிடைத்த ஒரு புத்தகம் அவரிடம் இருந்தது. பார்த்தால் ஆங்கில பைபிள். தன்னிடம் இருக்கும் காசு முழுவதையும் கொடுத்தாவது அதை வாங்கிவிட வேண்டும் என்று நொக்ஸ் பதறினார். ஆசையைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று தடுத்தவன் அந்தச் சிறுவன்தான். கடைசியில் நூலால் பின்னிய ஒரு தொப்பிக்குப் புத்தகம் கைமாறியது. உள்நாட்டின் நடுவே, ஆங்கிலம் அறிந்த மனிதர் எவரும் எதிர்பார்க்க முடியாத இடத்தில், ஒரு தொப்பியின் விலைக்கு இறைவேதம் என்று தான் நம்பியதை அவர் பெற்றுக்கொண்டார். அதைத் தற்செயல் என்று அவர் எண்ணவே இல்லை.

தொப்பி பின்னுவது அவருடைய தொழில். கோழியும் பன்றியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து அறுவடையில் வட்டியோடு வாங்கினார். (வட்டியை நான் நியாயப்படுத்த வரவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.) கண்டிக்குத் தெற்கே எலதெத்த என்ற ஊரில் காணி வாங்கி வீடு கட்டினார். சக கைதிகள் சிலர் அங்கேயே திருமணம் முடித்துப் பிள்ளை குட்டிகளோடு ஊறிவிட்டார்கள். நொக்ஸ் திருமணமே செய்யவில்லை. அவரோடு கடைசிவரை அதே உறுதியோடு நின்றவர் ஸ்டீவன் ரட்லண்ட் என்ற ஒருவர் மட்டும்.

நம் வாசகர்களுக்காக ஒரு சிறு தகவல். கண்டி இராச்சியத்தில் சோனகர்களின் நிலை பற்றியும் நொக்ஸ் எழுதியிருக்கிறார். கண்டியில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளிவாசல் இருந்தது, முன்னைய மன்னர் ஒருவர் காணியுள்ள ஒவ்வொரு குடும்பமும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும் என்று உரிமை வழங்கியிருந்தார், சோனகர்கள் வீடு வீடாகப் போய் அதை வாங்கிக்கொண்டார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். இந்நாட்டு முஸ்லிம்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒரு பக்கம் அது.

இனி அந்தப் பாதைக்கு வருகிறேன்.

தப்பிச் செல்ல வேண்டும் என்பது நொக்ஸின் தீராத எண்ணம். ஆனால் ஒரு இரவில் எழுந்து ஓடியவர் அல்ல. எட்டு ஒன்பது வருடங்கள் அவர் அதற்காக உழைத்தார். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று மூட்டை கட்டிக்கொண்டு வடக்கு நோக்கி வியாபாரத்துக்குப் போனார். திரும்பும்போது பருத்தி கொண்டுவந்தார். ஊர் ஊராக அறிமுகமானார். எந்தப் பாதையில் எங்கே காவல், எந்த ஊருக்கு அப்பால் ஊர் இல்லை, எந்த ஓடை எத்திசையில் ஓடுகிறது என்பதையெல்லாம் ஒருபோதும் வெளிப்படையாகக் கேட்காமல் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொண்டார். வடபகுதியில் தொடர்ந்து வறட்சி நிலவியது. கால்நடைகள் உழப்பிய குளத்துச் சேற்று நீரைத் தவிரக் குடிக்க எதுவும் இல்லை. காய்ச்சலோடு திரும்பினார். மறுபடி போனார். மறுபடி திரும்பினார்.

1679 செப்டெம்பரில் இருவரும் வழக்கமான வியாபாரிகள் போலவே கிளம்பினார்கள். கலுவில என்ற இடத்தில் பாதை அப்பகுதி அதிகாரியின் வளவைத் தொட்டே சென்றது. ஒளிந்து தாண்டினால் சந்தேகம் வரும். நேராக அதிகாரியிடமே போய் நின்றார்கள். காய்ந்த மான் இறைச்சி வாங்க வந்ததாகச் சொன்னார்கள், சில பரிசுகளும் கொடுத்தார்கள். அவரும் நம்பினார். அந்த நேரம் பார்த்து மன்னரிடமிருந்து சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். பாதைகளைக் காவல் செய்ய வேண்டும், எவரையும் போக விடக்கூடாது என்பது கட்டளை. நொக்ஸுக்கு உயிரே போய்விட்டது. தங்களுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். உண்மையில் அரண்மனையில் பெரிய மனிதர்கள் சிலர் கைதாகியிருந்தார்கள், அதன் எதிரொலிதான் அது. இருவரும் முகத்தில் எதையும் காட்டவில்லை. வந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பிறகு தம் வியாபாரத்தைச் சொல்லி விடைபெற்று அநுராதபுரத்தை நோக்கி நடந்தார்கள்.

ஒக்டோபர் 12ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அநுராதபுரத்தில் இருந்து புறப்பட்டார்கள். மல்வத்து ஓயா கடலுக்குத்தான் போகிறது என்பதைக் கணித்து, அந்த ஆற்றையே வழிகாட்டியாக எடுத்தார்கள். அவர்களின் மூட்டையில் இருந்தவற்றை நொக்ஸ் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்: பத்து நாட்களுக்கு அரிசியும் இறைச்சியும் மீனும், உப்பு, மிளகு, சமைக்க ஒரு பாத்திரம், தண்ணீருக்குச் சுரைக்குடுக்கைகள், கூடாரமாக விரிக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலைகள், தீப்பெட்டிக் காலத்துக்கு முந்திய சக்கிமுக்கிச் சாமான்கள், முள்ளுக்குப் பாதுகாப்பாகக் காலில் கட்ட மான்தோல், ஆளுக்கொரு கோடரி, கத்தி.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கவா, கட்டிவிட்டு வைக்கவா என்று கேட்ட தோழரை, முதலில் கட்டும்படியும் பிறகு தவக்குல் வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதியில் இருக்கிறது. நாம் எல்லோரும் அறிந்தது. அந்த மூட்டையைப் பாருங்கள். ஒட்டகத்தை இவ்வளவு இறுகக் கட்டியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நம் ஹிஜ்ரத்தும் அப்படித்தானே. மதீனா வடக்கில் இருக்க, நபி (ஸல்) அவர்கள் தெற்கே உள்ள தவ்ர் குகைக்குப் போனார்கள். மூன்று இரவுகள் தங்கினார்கள். அபூபக்ர் (ரழி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் இரவில் வந்து மக்காவின் செய்திகளைச் சொன்னார். ஆமிர் பின் ஃபுஹைரா ஆட்டு மந்தையை ஓட்டி வந்து பாலும் கொடுத்தார், காலடித் தடத்தையும் அழித்தார். அஸ்மா (ரழி) அவர்கள் உணவுப் பொதியைக் கட்டத் தன் இடுப்புப் பட்டியைக் கிழித்தார்கள். பாலைவனப் பாதையைக் காட்டக் கூலிக்கு அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அன்று முஸ்லிம் கூட அல்ல. இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு குகையின் வாயிலில் எதிரியின் கால்கள் தெரிந்தன. அபூபக்ர் (ரழி) அவர்கள் நடுங்கினார்கள். குனிந்து பார்த்தால் கண்டுவிடுவார்களே என்று சொன்னார்கள். சித்தீக் என்று பெயர் பெற்ற அந்த மனிதருக்கே பயம் வந்தது. அதனால் அவர்களின் ஈமான் ஒரு அணுவும் குறைந்துவிடவில்லை. அந்த இடத்தில் இனிச் செய்வதற்கு எதுவும் மீதமில்லை. அங்கேதான் ஆறுதல் இறங்கியது.

நொக்ஸுக்கும் ரட்லண்டுக்கும் அப்படியொரு நேரம் காட்டில் வந்தது. ஆற்றோரமாக நடந்தவர்கள் மனித நடமாட்டம் உள்ள ஒரு பகுதியை அடைந்தார்கள். பெரும்பாதை ஒன்றைத் தாண்ட வேண்டியிருந்தது. பகலில் தாண்டினால் எவர் கண்ணிலாவது படுவது உறுதி. ஒரு மரப்பொந்துக்குள் நுழைந்து, சேற்றிலும் ஈரத்திலும் இருள் விழும் வரை குந்தியிருந்தார்கள். இருட்டியதும் வெளியே வந்து நடந்தார்கள். அப்போது பின்னால் மனிதக் குரல்கள் கேட்டன. துரத்தி வருகிறார்கள் என்றே நினைத்தார்கள். ஓடுவதற்கு வழி இல்லை, முள்ளும் இருளும். அந்த வேளையில் குரல்களுக்கும் இவர்களுக்கும் இடையில் கிளைகள் முறிபடும் சத்தம் கேட்டது. காட்டு யானைக் கூட்டம். வேறு எந்த நாளிலும் அதுவே அவர்களுக்கு மரண பயத்தைக் கொடுத்திருக்கும். அன்று இரவு அது காவலாயிற்று. இருட்டில் யானைகளுக்குள் எவரும் நுழைய மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். இஸ்ரவேலர்களுக்கும் பிர்அவ்னின் கூட்டத்தாருக்கும் நடுவே அன்று வந்து நின்ற இருளைப் போல இந்த யானைகள் தங்களுக்கு இருந்ததாக நொக்ஸ் பின்னர் எழுதினார்.

அந்த ஒப்பீட்டை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முன்னால் கடல், பின்னால் படை, அகப்பட்டுவிட்டோம் என்று கூட இருந்தவர்கள் கலங்க, தன் இறைவன் தன்னோடு இருக்கிறான், வழி காட்டுவான் என்று மூஸா (அலை) அவர்கள் உறுதியாக நின்ற அந்தக் காட்சி அல்குர்ஆனில் நமக்குச் சொல்லப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் வன்னிக் காட்டில் சேறு பூசிய உடம்போடு நின்ற ஒரு ஆங்கிலேயனின் நெஞ்சுக்கும் அதே காட்சிதான் வந்திருக்கிறது.

எனக்கு அது வெறும் வாசிப்பாக இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 2006 ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூரை விட்டுக் கந்தளாய் நோக்கி நடந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது பதினேழு வயது. பச்சனூர் பக்கமாகப் போன அந்தக் கூட்டத்தில் எங்கள் மூத்தம்மாவும் இருந்தார்கள். மூத்தம்மாவிடம் ஒரு பன் பை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டிலிருந்து அது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதற்குள் காணி உறுதி, எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, ஒரு போத்தல் தண்ணீர், சீனி, பேரீச்சம்பழம், ஒரு சிறிய யாசீன் கிதாப். தண்ணீரை மாதம் ஒருமுறை மாற்றுவார்கள். வீட்டில் நாங்கள் பகிடி பண்ணுவோம், அல்லாஹ் இருக்க இந்தப் பை எதற்கு என்று மாமா ஒருவர் கேட்டும் இருக்கிறார். மூத்தம்மா பதில் சொன்னதில்லை.

நடுவழியில் ஆயுதம் தாங்கியவர்கள் எங்களை மறித்தார்கள். ஆண்களையும் பையன்களையும் வேறாக நிற்கச் சொன்னார்கள். மூத்தம்மா பாதையோரம் மணலில் குந்திவிட்டார்கள். உதடு திக்ரில் அசைந்துகொண்டே இருந்தது. ஆனால் பையைப் பிடித்திருந்த கை உதறிய உதறல் எனக்கு இன்றும் தெரிகிறது. பயம் இல்லாத கிழவி அல்ல அவர்கள். கொஞ்ச நேரத்தில் எழும்பினார்கள். என் சான்றிதழைப் பையிலிருந்து உருவி எடுத்து, இவன் பள்ளிக்கூடப் பிள்ளை என்று அந்த மனிதர்களுக்கு முன்னால் நீட்டினார்கள். குரலும் நடுங்கியது. எங்கிருந்தோ வெடிச்சத்தம் கேட்டது. கூட்டம் கலைந்தது. நாங்கள் ஓடினோம். சான்றிதழ்தான் காப்பாற்றியதா, அந்தச் சத்தமா, அல்லது திக்ரா என்று என்னைக் கேட்டால் நான் பிரித்துச் சொல்ல மாட்டேன். யானைகளும் காட்டின் வழமையான யானைகள்தானே.

அந்தப் பாதையில் போய்த் திரும்பாதவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் தொழுதவர்கள், ஓதியவர்கள். அவர்களின் உம்மாமாருக்கு முன்னால் நின்றுகொண்டு, எங்களுக்குத் தவக்குல் இருந்ததால் தப்பினோம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

அதேபோல, 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைக்குப் போன சின்னஞ்சிறுசுகள் மௌத்தானபோது, கத்ர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட நம்மில் சிலர் அவசரப்பட்டதையும் கேட்டேன். கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. மறுக்க நான் யார்? ஆனால் பாலம் வேலை முடியும் வரை பிள்ளைகளைத் தண்ணீருக்கு மேலால் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி என்பது ஒட்டகத்தைக் கட்டும் வேலை. அது படைத்தவன் நம் கையில் தந்தது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு அவன் பெயரைச் சொல்வது எனக்கு அச்சமாக இருக்கிறது.

காட்டுக்குத் திரும்புவோம். அந்த இரவுக்குப் பிறகும் அவர்களின் பயம் தீரவில்லை. அது மன்னரின் எல்லைக்கு வெளியே தமிழ் பேசும் வன்னிமையின் நிலம். அங்கே பிடிபட்டாலும் திருப்பி அனுப்பப்படலாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மரநிழலில் சோறு சமைத்துக்கொண்டிருந்த பிராமணர்களைச் சந்தித்தார்கள். அவர்கள் இரக்கம் காட்டினார்கள், தங்கள் தலைவனுக்குப் பயந்தாலும் சிறிது தூரம் வழிகாட்டினார்கள். பயந்தவர்களுக்குப் பயந்தவர்கள் உதவியது எனக்குப் பிடித்த இடம். ஒக்டோபர் 18, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணியளவில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குள் நுழைந்தார்கள். புத்தளத்துக்கும் மன்னாருக்கும் இடையே போகிறவர்கள் இன்றும் அந்தக் கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். மன்னார், கொழும்பு, பத்தாவியா, பாந்தம் என்று சுற்றி 1680 செப்டெம்பரில் நொக்ஸ் லண்டன் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவருடைய புத்தகம் வெளியானது. அக்காலத்து ஐரோப்பியருக்கு இலங்கையை அறிமுகப்படுத்திய நூல் அது. டேனியல் டிஃபோ 1719இல் எழுதிய ரொபின்சன் குரூசோ கதைக்கு அது தூண்டுதல் தந்ததாகப் பலர் கருதுகிறார்கள்.

அதன் பிறகு உள்ள வாழ்க்கையையும் மறைக்கக்கூடாது. கம்பனி அவரைக் கப்பல் தலைவராக்கி மறுபடி கடலுக்கு அனுப்பியது. சென்ட் ஹெலினா தீவுக் குடியேற்றத்துக்காக மடகஸ்காரில் அடிமைகளை வாங்கி ஏற்றி வரும் வேலையும் அதில் ஒன்று. அதை அவர் செய்தார். புளியமரத்தின் கீழ் தந்தையைப் பறிகொடுத்தவர், கயிற்றில் கட்டி இழுக்கச் சொன்னபோது மறுத்தவர், ஒரு சிறுவனின் கையால் குழி தோண்டியவர், யானைகளை மூஸா (அலை) அவர்களின் காலத்து இருளோடு ஒப்பிட்டவர். அந்தக் கப்பலின் அடித்தட்டில் இருந்தவர்களும் அந்த இரவுகளில் எவனையாவது அழைத்திருப்பார்கள். அவர்களின் நாடு, பெயர், பாஷை எதையும் எவரும் புத்தகமாக எழுதவில்லை.

1720இல், திருமணமாகாமலேயே, நொக்ஸ் இறந்தார். லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் அவரை அடக்கினார்கள்.